வாசகர் கேள்வி பதில்: மஞ்சள், ஓமம், கடுக்காய் – கிருமியை எதுவரை எட்டும்?

மஞ்சளின் குர்குமின், ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால், கடுக்காயின் டானின் எல்லாம் ஃபீனால் என்ற ஒரே வேதிக் குடும்பம். செடி தன்னைப் பூச்சியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் காத்துக்கொள்ளத் தயாரிப்பவை இவை. மனிதனுக்கு வரும் பாக்டீரியா தொற்றில் இவை எவ்வளவு உதவும் என்று வடசென்னை வாசகர்கள் கேட்டிருந்தார்கள்.

கேள்வி (காசிமேடு): துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் வேலை. கெளுத்தி முள், இறால் கொம்பு கையில் ஏறாத வாரமே கிடையாது. உடனே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இது போதுமா?

பதில்: போதாது. அந்த மஞ்சள் பற்று உங்களுக்குக் கெடுதலாக முடியவும் வாய்ப்பு உண்டு. மேலே ஒரு சிராய்ப்பு என்றால் பெரிய சேதம் இல்லை. முள் குத்துவது வேறு. வெளியே தெரிவது ஊசித் துளை, உள்ளே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் முள்ளின் சளியும் கடல் நீரும் போய்ச் சேர்ந்திருக்கும். குர்குமின் தண்ணீரில் கரையாது. மேலே அப்பியது அந்த ஆழத்துக்கு இறங்காது.

சுண்ணாம்பு சேர்த்தால் பற்று சிவப்பாகிறதே, ஆரத்தித் தட்டில் பார்ப்போமே, அந்த நிறம் குர்குமினின் மேல் காரம் வேலை செய்வதன் அடையாளம். காரமும் அமிலமும் அதிகமில்லாத, பி.எச். 7.2, வெப்பம் 37 டிகிரி உள்ள சாதாரணக் கரைசலிலேயே அரை மணி நேரத்தில் அதன் 90 சதவீதம் சிதைந்துவிடும். சுண்ணாம்பின் காரம் அதைவிட மிகக் கடுமை. திறந்த புண்ணில் தோலையும் அரிக்கும். கடைத் தூளில் பேசில்லஸ் போன்ற கிருமிகளின் வித்துகள் உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மஞ்சள் அப்பிய தோலில் சிவப்பு பரவுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மீன் முள் காயத்தில் டாக்டர் முதலில் தேடுவது அந்தச் சிவப்பைத்தான்.

செய்ய வேண்டியது இது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் கழுவுங்கள். துறைமுகத் தண்ணீரில் கழுவவே கூடாது. முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கொதிநீரில் போட்டெடுத்த இடுக்கியால் வந்த வழியிலேயே இழுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் முறிந்திருந்தால் நோண்டாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கெளுத்திக் கொட்டின் வலிக்கு வெந்நீர் நன்றாகக் கேட்கும்: சுமார் 45 டிகிரி சூட்டில் 30 முதல் 90 நிமிடம் கையை மூழ்க வையுங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாக உறைக்காது; அதனால் மற்றக் கையை விட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். பிறகு போவிடோன் அயோடின் மருந்து, மேலே தளர்வாகத் துணி. டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பின் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சில மணி நேரத்தில் தொடங்கி இரண்டு நாளுக்குள் கை வீங்கி, ரத்தம் கோத்த கொப்புளம் வந்தால் அது விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல் கிருமியாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இது உயிர் போகும் அவசரம். இரவு என்றாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இரண்டு முதல் ஏழு நாளில் விரல் ஊதா நிறமாக வீங்கிக் கடுமையாக வலித்தால் அது எரிசிபெலோத்ரிக்ஸ், பென்சிலினுக்குக் கட்டுப்படும். சில வாரம் கழித்து வலி அதிகம் இல்லாமல் ஒரு கட்டி, அதன்மேல் இன்னொன்று என்று கையில் ஏறிக்கொண்டே போனால் அது காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம். அதற்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "மீன் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சீழ்க்கட்டிக்கான மாத்திரைதான் கிடைக்கும்.

கேள்வி (கொடுங்கையூர்): ஓமமும் மஞ்சளும் ஆன்டிபயாட்டிக்குக்கே கட்டுப்படாத கிருமியைக்கூடக் கொல்கின்றன என்று காலேஜ் லேபிலேயே காட்டுகிறார்களாம். அப்புறம் ஏன் எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை?

பதில்: லேபில் கொல்வது உண்மை. தைமால் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வில் கரைந்து அதைக் கசிய வைக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது, ஆற்றல் தயாரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட நொதியைக் குறிவைக்காமல் சவ்வையே உடைப்பதால், மாத்திரைகளை எதிர்த்துப் பழகிய கிருமியும் தப்புவதில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு மருந்து கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த செறிவை எம்.ஐ.சி. என்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படும் ஈ. கோலி என்ற குடல் கிருமிக்கு, அந்த மருந்தின் எம்.ஐ.சி. மி.லி.க்கு 0.25 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் கீழே. தைமாலுக்கு அது நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம். 200 என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். 60 கிலோ உடம்பில் தண்ணீர் சுமார் 35 லிட்டர். உடம்பு முழுவதும் அந்தச் செறிவு வர 7 கிராம் தைமால் வேண்டும். ஒரு டீஸ்பூன் ஓமம் ஏறக்குறைய 2 கிராம். அதில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம். எண்ணெயில் பாதியளவு தைமால். ஆக ஒரு டீஸ்பூனில் கிடைப்பது சுமார் 30 மி.கி. அப்படியே முழுசாக ரத்தத்தில் சேர்ந்தாலும் இருநூறு டீஸ்பூனுக்கு மேல் விழுங்க வேண்டும். அந்த அளவுக்கு வெகு முன்பே தைமால் நமக்கே நஞ்சாகிவிடும்.

முழுசாகச் சேர்வதும் இல்லை. ஃபீனாலின் ஆயுதம் அதன் கார்பன் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் துணுக்கு. குடல் சுவரும் கல்லீரலும் அந்த இடத்தில்தான் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ மாட்டி, சிறுநீரில் வெளியேற்றிவிடும். குர்குமின் இதைவிட மோசம். பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் 2 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது கண்டுபிடிக்கவே கஷ்டமான அளவில் இருந்தது. மிளகின் பிப்பரின் 20 மி.கி. சேர்த்தபோது இருபது மடங்கு கூடியது; விளம்பரங்களில் வரும் "2000 சதவீதம்" இதுதான். அப்போதும் மி.லி.க்கு ஒரு மைக்ரோகிராமைத் தொடவில்லை. பெரும்பாலான கிருமிகளுக்கு குர்குமினின் எம்.ஐ.சி. நூறு மைக்ரோகிராமுக்கு மேல்.

அதனால் ஒரு ஃபீனால் பற்றிப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: கிருமி எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் எவ்வளவு செறிவு சேரும்? வாய், தோல், குடலின் உட்புறம், சமையல் மேடை, உணவு ஆகிய இடங்களில் நேராக, கெட்டியாக வைக்க முடியும். அங்கே ஃபீனால்கள் வெகுகாலமாகவே வேலை செய்துகொண்டிருக்கின்றன. 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் எலும்பு முறிந்த காயத்தில் வைத்த கார்பாலிக் அமிலம் ஃபீனால்தான். அது நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினாலும் இதே குடும்பம். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற இரண்டு தாவர ஃபீனால் தயாரிப்புகளைப் பாருங்கள்: 2006-இல் தேயிலைக் கேட்டச்சின் களிம்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கத்துத் தோல் மருவுக்கு; 2012-இல் குரோஃபெலமர் மாத்திரை, எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்கு. முதலாவது தோலோடு நிற்கிறது. இரண்டாவது ரத்தத்தில் ஏறாமல் குடலுக்குள்ளேயே வேலை செய்கிறது. இரண்டுமே பாக்டீரியாவைக் கொல்வதற்கு அல்ல.

ரத்தத்தில் ஏறிய தொற்றுக்கு ஃபீனால்களுக்கு எதிர்காலம் உண்டென்றால் அது துணை வேடத்தில்தான் என்பது என் கருத்து. பெர்பெரிஸ் இனச் செடிகளில் உள்ள பெர்பெரின் என்ற கிருமிகொல்லியை, சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் தன் பம்பு வழியாக வெளியே துப்பிவிடும். அதே செடிகளில் அந்தப் பம்பை அடைக்கும் ஒரு ஃபீனால் சேர்மமும் இருப்பதை 2000-இல் கண்டுபிடித்தார்கள். அது தனியாகக் கொல்வதில்லை. கொல்லும் பொருளை உள்ளே தங்க வைக்கிறது. ஆன்டிபயாட்டிக்கோடு இப்படிச் சேர்த்துத் தரும் முயற்சிகளைத்தான் நான் ஆவலோடு கவனிக்கிறேன்.

கேள்வி (புளியந்தோப்பு): காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கூடவே மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் எடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சமையலில் போடும் மஞ்சளும் மிளகும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதற்குத் தடையில்லை. கேப்சூல் வேறு. மிளகின் பிப்பரின், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை ரத்தத்தில் கூடுதலாக ஏற்றும். டாக்டர்கள் அளவு குறைத்த ரிஃபாம்பிசினோடு பிப்பரினை அளந்து சேர்த்துத் தரும் மருந்தே இந்தியாவில் உண்டு. நீங்களாகச் சேர்த்தால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். காசநோய் மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. பிப்பரின் கலந்த மஞ்சள் கேப்சூல்களாலும் கல்லீரல் வீங்கிய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சளித்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் டாக்டர் எல்லா மாத்திரையையும் நிறுத்த நேரும். இடையில் நின்ற சிகிச்சைதான் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை வளர்க்கிறது.

கேள்வி (பெரம்பூர்): பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் எவ்வளவு வைக்கலாம்? நான்கு வயதுப் பையனுக்கும் வைக்கலாமா?

பதில்: பெரியவர்களுக்கு: ஒரு துளி கிராம்பு எண்ணெயைப் பத்துத் துளி நல்லெண்ணெயில் கலந்து, மிளகளவு பஞ்சில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, சொத்தைக் குழியில் மட்டும் வையுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நாளுக்கு மூன்று முறை, இரண்டு நாள் வரை போதும். கலக்காமல் வைத்தால் ஈறு வெள்ளையாக வெந்துபோகும். பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து அடைக்கும் மருந்திலும் இதே யூஜினால்தான் இருக்கிறது.

வாங்கியது அசலா என்று பார்க்க ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். மிதந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

பையனுக்கு வைக்காதீர்கள். 5 முதல் 10 மி.லி. கிராம்பு எண்ணெயை விழுங்கிய சிறு குழந்தை வலிப்பு வந்து, கல்லீரல் பாதித்து, நினைவிழந்த சம்பவம் மருத்துவ ஏடுகளில் உண்டு. பாட்டிலைக் குழந்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். யூஜினால் வலியை மரக்கச் செய்யும், குழியின் மேல்பரப்புக் கிருமியைக் குறைக்கும்; வேர் நுனியில் கட்டிய சீழை எட்டவே எட்டாது. கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): ஈறில் ரத்தம் கசிகிறது. கடுக்காய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். எப்படித் தயாரிப்பது? போன தடவை காய்ச்சியபோது மை மாதிரி கறுத்துவிட்டது, பயந்து கொட்டிவிட்டோம்.

பதில்: நல்ல யோசனைதான். ஃபீனால் தன் முழு செறிவோடு கிருமியைத் தொடும் இடம் வாய். கடுக்காயோடு நெல்லிக்காயும் தான்றிக்காயும் சேர்ந்த திரிபலா கஷாயத்தை, கிருமிகொல்லியான குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பானோடு ஒப்பிட்ட சில ஆய்வுகளில் பற்காரைப் படலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருக்கிறது.

ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் தூளாக வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள். பூச்சி அரித்த ஓட்டை இல்லாமல், கையில் கனமாக இருக்க வேண்டும். இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். உடைத்துக் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடியுங்கள். டானின் இருப்பதும் தோலில்தான். 5 கிராம் தூள், அதாவது தட்டிய இரண்டு டீஸ்பூன், 200 மி.லி. தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் 100 மி.லி. ஆகும்வரை சுண்டவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவையுங்கள். ஒரு தடவைக்கு 15 மி.லி., அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். காலையும் இரவும் பல் துலக்கிய பிறகு. அன்றைய கஷாயம் அன்றைக்கே தீர வேண்டும். மறுநாள் வரை வெளியில் வைத்தால் மேலே பூஞ்சை ஆடை கட்டும்.

கறுத்ததற்குக் காரணம் இரும்பு. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலமாகும். பழைய எழுதும் மை செய்த முறையே அதுதான். இரும்புச் சட்டியில் காய்ச்சினீர்களா, அல்லது போர் தண்ணீரா? பிடித்துவைத்த சில மணி நேரத்தில் வாளியில் செம்மண் படிகிற தண்ணீரில் இரும்பு இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரமும் கேன் தண்ணீரும் வைத்துக் காய்ச்சுங்கள், தேன் நிறத்தில் நிற்கும். கறுத்ததும் விஷமில்லை, ஆனால் இரும்போடு பிணைந்த டானின் கிருமியிடம் வேலை செய்யக் குறைவாகவே மிஞ்சும், பல்லிலும் கறை ஏறும்.

இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் கொப்பளிப்பதை நம்பி உட்காராதீர்கள். பல்லில் கல்லாக இறுகிய காரையை எந்தக் கஷாயமும் கரைக்காது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி (ராயபுரம்): கர்ப்பமாக இருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்ன அதே டானின் விளைவு வயிற்றுக்குள் நடந்து, இரும்பு உடம்பில் சேராமல் போகும். டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

கேள்வி (திருவொற்றியூர்): அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. கிரான்பெர்ரி ஜூஸ் குடித்தால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: வந்துவிட்ட தொற்றை கிரான்பெர்ரி தீர்க்காது. அதிலுள்ள ஏ-வகை புரோஆந்தோசயனிடின் என்ற ஃபீனால், ஈ. கோலி சிறுநீர்ப்பைச் சுவரில் பற்றிக்கொள்வதைத் தடுக்கிறது, கொல்வதில்லை. திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு அடுத்த தடவை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று, பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பராமரிப்பு இல்லங்களில் உள்ள முதியவர்களுக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. கடையில் கிடைக்கும் டப்பா ஜூஸ் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்.

கடுப்பு வந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே, முதல் நீரை விட்டுவிட்டு நடுவில் வரும் நீரைப் பிடித்து கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. குளிர் காய்ச்சல், விலாவில் வலி, கர்ப்பம், சர்க்கரை நோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (எம்.கே.பி. நகர், எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி மாணவி): கற்பூரவள்ளி இலையின் எத்தனால் சாற்றை, கிருமி வளர்க்கும் கூழான அகாரில் குழி வெட்டி ஊற்றினேன். ஸ்டஃபைலோகாக்கஸுக்கு முதல் முறை 18 மி.மீ. அகலத்துக்குக் கிருமி வளராத தெளிவு வட்டம், அடுத்த முறை 9. ஈ. கோலிக்கு வட்டமே இல்லை. எங்கே தவறு?

பதில்: முதல் சந்தேகம் சாற்றின் மேல். கற்பூரவள்ளியின் பலம் கார்வக்ரால் என்ற ஃபீனால். சில செடிகளில் தைமால். இரண்டும் ஆவியாகக்கூடியவை. இலையை வெயிலில் காயவைத்தாலோ, எத்தனாலை வாட்டர் பாத்தில் மணிக்கணக்கில் சூடேற்றி விரட்டினாலோ அவையும் கூடவே போய்விடும். நிழலில் உலர்த்துங்கள், 40 டிகிரிக்குக் கீழே வெற்றிடத்தில் ஆவியாக்குங்கள். உலர்ந்த சாற்றை முகர்ந்து பாருங்கள்; இலை வாசனை இல்லையென்றால் கார்வக்ரால் இல்லை. எண்ணெயே வேண்டுமென்றால், இலையைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து எண்ணெய் பிரிக்கும் கிளெவெஞ்சர் கருவியில் மூன்று மணி நேரம் வடிப்பது மேல்.

அடுத்தது, முதல் முறை வந்த 18 மி.மீ. எத்தனாலின் வேலையாகக்கூட இருக்கலாம். அதே தட்டில் ஒரு குழியில் கரைப்பான் மட்டும் ஊற்றினீர்களா? இல்லையென்றால் அந்த எண்ணை எழுத வேண்டாம். தட்டையும் பாருங்கள். முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லி. மெல்லிய தட்டில் வட்டம் பெரிதாகும். கிருமிக் கரைசலை 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்கு, அதாவது மி.லி.க்கு சுமார் 15 கோடி செல்லுக்குச் சரிசெய்து 15 நிமிடத்துக்குள் பூசுங்கள். குழி வெட்டும்போது அகார் தட்டிலிருந்து பெயர்ந்திருந்தால் சாறு அடியில் ஓடி, வட்டம் கோணலாகவோ சிறிதாகவோ வரும். உருகிய அகார் ஒரு துளி விட்டு அடியை அடைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் வட்டத்தின் மி.மீ.யை வைத்துப் பலத்தை அளக்காதீர்கள். கார்வக்ரால் தண்ணீரில் சரியாகக் கரையாது, அகாருக்குள் மெதுவாகத்தான் நகரும். பலமான பொருள் சிறு வட்டமும், பலமில்லாத, கரையும் பொருள் பெரிய வட்டமும் தருவது சகஜம். 96 குழித் தட்டில் எம்.ஐ.சி. பாருங்கள்: இருமடங்கு நீர்த்தல், மி.லி.க்கு 5 லட்சம் செல், கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்துக்கு மேல் போகாமல், 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். தட்டை ஃபிலிம் ஒட்டி மூடுங்கள். இல்லாவிட்டால் ஆவி பக்கத்துக் குழிக்குப் போய் அங்கேயும் கொல்லும். கரைய வைக்க ட்வீன் 80 அதிகம் சேர்த்தால் அது ஃபீனாலைத் தன்னுள் பிடித்துவைத்துப் பலத்தைக் குறைத்துக் காட்டும். உயிருள்ள செல் இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ரிசாசுரின் சாயத்தில் நிறம் பார்ப்பதாக இருந்தால், செல் இல்லாத சாறு மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். ஃபீனால்கள் தாங்களே ரிசாசுரினை இளஞ்சிவப்பாக்கக்கூடியவை. அந்த வரிசை இல்லாவிட்டால் செத்த குழியையும் வளர்ந்தது என்று எழுதிவிடுவீர்கள்.

ஈ. கோலி விஷயத்தில் தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அதற்கு வெளிச்சவ்வு என்று கூடுதலாக ஒரு மதில் உண்டு, துப்பும் பம்புகளும் உண்டு. வெளிச்சவ்வைத் தளர்த்தும் இ.டி.டி.ஏ.வை, வளர்ச்சியைத் தடுக்காத அளவு சேர்த்து மறுபடி பாருங்கள். அப்போது கட்டுப்பட்டால் தடையாக இருந்தது அந்த வெளிச்சவ்வு என்று ஆதாரத்தோடு எழுதலாம், "ஈ. கோலிக்கு வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியைவிட அது நல்ல முடிவு. மொத்த ஃபீனால் அளவுக்கு, நீல நிறத்தை வைத்து அளக்கும் ஃபோலின் முறை செய்தால், வைட்டமின் சி-யும் அதே நீல நிறம் தரும் என்பதைக் குறிப்பிடுங்கள்.

முடித்த தட்டுகளை 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் வேகவைத்த) பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இந்தக் கிருமிகளை வீட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டாம்.